தார்ச்சாலை ஜீப்புக்குச் சேற்று டயர் வேண்டுமா?

நான்கு சக்கர இயக்க வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது என்றால், சேற்றுக்கான எம்/டி டயர் வேண்டாம். எல்லா வகைப் பாதைக்கும் பொதுவான ஏ/டி வகையே போதும். சேற்று டயரின் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே விரல் தாராளமாக நுழையும். சேற்றை உதறித் தள்ளத்தான் அந்த இடைவெளி. ஆனால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவதால், ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும். இரைச்சலோ தனிக்கதை. வெறும் தோற்றத்துக்காக என்றால் பணத்துக்குத்தான் கேடு.

சேற்றுப் பாதையைத் தவிர்க்க முடியாதவர்கள், கட்டைகளின்மேல் மெல்லிய கீறல்கள் உள்ள டயராகப் பாருங்கள். ஈரச்சாலையில் பிடிமானம் கூடும். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் சுமைக் குறியீடு, வண்டிக்குப் பரிந்துரைத்த அளவைவிடக் குறையக் கூடாது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.