தேவ சித்தம்னு சொல்லியாச்சு, சரி, நாளைக்கு காலம்பற என்ன செய்யணும்?

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் கிறிஸ்தவ வீடுகள்ல ஏதாவது ஒண்ணு தப்பாப் போச்சுன்னு வைங்க, கல்ஃப் விசா கேன்சல் ஆயிருக்கும், பேசி வச்ச கல்யாணம் நின்னிருக்கும், திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஃபைலைத் தூக்கிட்டு போக வேண்டி வந்திருக்கும், எதுவா இருந்தாலும் சாயா கொதிக்கிறதுக்கு முன்னாடியே யாராவது ஒருத்தர் வந்து "எல்லாம் தேவ சித்தமாக்கும் மக்களே"ன்னு சொல்லிருவாவ. சொல்றது தப்புன்னு சொல்ல வரல, நானும் அதை நம்புறவன்தான். ஆனா கேட்டவன் மறுநாள் எழும்பி அந்த நம்பிக்கையை வச்சு என்ன செய்யணும்னு யாருமே சொல்றதில்ல, அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல காரணம் தேடுறதை நிறுத்துங்க. கொஞ்ச நாளைக்காவது. நம்ம ஆளுங்களுக்கு ஒரு அவசரம் உண்டு, அடி விழுந்த அன்னைக்கே இது எதுக்குன்னு தெரிஞ்சாகணும், வேலை போச்சுன்னா "பெருமை வந்துட்டுது, அதான் தாழ்த்துறாரு", பிள்ளைக்கு சுகமில்லன்னா "வீட்டு ஜெபம் விட்டுப்போச்சு, அதான்". இதெல்லாம் யாரு சொன்னா? எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபுவோட கூட்டாளிங்க இதைத்தான் பக்கம் பக்கமா பேசினாங்க, கடைசியில கர்த்தர் அவங்க மேலதான் கோபப்பட்டாரு.

யோசேப்பு கதையை வயசு போட்டு படிச்சுப் பாருங்க. அண்ணன்மாரு குழியில போட்டு பிறகு அடிமையா விக்கும்போது 17 வயசு, எகிப்து ராஜா பார்வோன் முன்னாடி போய் நிக்கும்போது 30. இடையில ஜெயில்ல இருந்து வெளிய போன பானபாத்திரக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அவன் மறந்துட்டான், 2 வருஷம் அப்படியே போச்சு. "தேவன்தான் என்னை உங்களுக்கு முன்னால அனுப்பினாரு"ன்னு அண்ணன்மார்கிட்ட சொல்லும்போது, 7 செழிப்பு வருஷமும் 2 பஞ்ச வருஷமும் போயாச்சு, அப்போ வயசு 39. குழிக்குள்ள கிடக்கும்போது அவரு இப்படி எதுவும் சொன்னதா எழுதியில்ல, உள்ள கிடந்து கெஞ்சினான்னு பிறகு அண்ணன்மாரே பேசிக்கிறாங்க. 22 வருஷம் கழிச்சு வந்த வார்த்தையை நாம 22 மணிக்கூர்ல எதிர்பாக்கிறோம்.

அடுத்தது வாக்குத்தத்த கார்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு ஆளுக்கொரு கார்டு எடுப்போம்ல, அருவியோ சூரிய உதயமோ படம் போட்டு கீழ ஒரு வசனம், வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருப்போம். அதுல எரேமியா 29:11 வந்துட்டா அந்த வருஷம் ராஜாதான், நம்மபேர்ல அவரு வச்சிருக்கிற நினைவு தீமைக்கல்ல, சமாதானத்துக்கு. நல்ல வசனம், ஆனா கார்டுல இடம் கம்மி. முந்தின வசனத்தைப் பாருங்க, 70 வருஷம் பாபிலோன்லயே இருக்கணும்னு இருக்கு. பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா அனுப்பின லெட்டர்ல உள்ள வசனம்தான் இது, அந்த லெட்டர் யாருக்கு வந்துச்சோ அதுல பாதிப்பேரு திரும்ப ஊரைப் பாக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு கர்த்தர் சொன்ன வேலை என்னன்னா வீடு கட்டு, தோட்டம் போடு, அதுல விளையிறதைச் சாப்பிடு, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வை, இருக்கிற பட்டணம் நல்லா இருக்க ஜெபம் பண்ணு. இவ்வளவுதான்.

அப்போ உங்க கார்டுல எந்த வசனம் வந்தாலும் அந்த அதிகாரத்தை முழுசா ஒரு தடவை வாசிங்க, வாசிச்சுட்டு இன்னைக்கு செய்யக்கூடிய வேலை இதுல என்ன இருக்குன்னு தேடுங்க. விசாவுக்கு காத்திருக்கிற பையன்மாரு எங்க ஜங்ஷன்ல நிறைய பேரு உண்டு, கர்த்தர் கதவைத் திறப்பாருன்னு சொல்லிட்டு கலுங்குல உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருப்பானுவ. அந்த நேரத்துல வெல்டிங் படிக்கலாம், வீட்டு விளையில நாலு மூடு வாழை வைக்கலாம், அம்மையை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகலாம். விசா வந்தாலும் வராட்டியும் அந்த நாள் வீணாப் போகாது.

இனி ரோமர் 8:28. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது"ன்னு இருக்கு. நடந்ததெல்லாமே நல்லதுன்னு அதுல எங்கயும் இல்ல. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறதுலதான் நம்ம பக்கம் பலபேருக்கு விசுவாசமே வெறுத்துப் போகுது.

இதுக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரையே எடுத்துக்கலாம். அங்க மிஷன் வைத்திய வேலை ஆரம்பிச்சது 1838ல. அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்த சோமர்வெல் டாக்டர் எவரெஸ்ட் ஏறப் போன ஆளு. 1922 ஜூன் 7ஆம் தேதி அந்த மலையில பனிச்சரிவு வந்து சுமை தூக்க வந்த 7 பேரு செத்தாங்க, அதே கூட்டத்துல இருந்த இவரு தப்பிச்சாரு. அதுக்குப் பிறகு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இந்தியாவைச் சுத்திப் பாக்க வந்தவரு நெய்யூர் ஆஸ்பத்திரியையும் பார்த்தாரு, அவ்வளவு நோயாளிகளுக்கு போதுமான டாக்டர் இல்லங்கிறதைப் பார்த்து இனி வாழ்க்கை இங்கதான்னு முடிவு பண்ணிட்டாரு. இதைப் பிரசங்கத்துல சொன்னா எப்படி முடிப்பாங்கன்னு தெரியும்ல, "பார்த்தீங்களா, கர்த்தர் அவரை நெய்யூருக்காகவே காப்பாத்தினாரு!" அப்போ அந்த 7 பேரு? அவங்க வீட்டுல பொண்டாட்டி பிள்ளை இல்லியா? சோமர்வெல்லே அப்படிச் சொல்லல, செத்ததெல்லாம் அந்த மலைநாட்டு ஆளுங்க, எங்கள்ல ஒருத்தனும் அதுல பங்கு எடுக்கலையேன்னு நொந்துதான் எழுதினாரு. நெய்யூருக்கு டாக்டர் கிடைச்சது பெரிய நன்மை, 7 பேரு செத்தது துக்கம், அந்த நன்மையைக் காட்டி இந்த துக்கத்தை அழிக்க முடியாது. கர்த்தர் ரெண்டுலயும் கூட இருந்தாருன்னு நம்பலாம், ரெண்டுக்கும் கணக்கு நேர் பண்ணுறது நம்ம வேலை கிடையாது.

(ரப்பரை வெட்டினாதான் பால் வரும், அதுபோல கர்த்தர் நம்மள வெட்டுறாருன்னு ஒரு உவமை எங்க பக்கம் அடிக்கடி கேக்கலாம். வெட்டத் தெரிஞ்ச ஆளுகிட்ட கேட்டுப் பாருங்க, தடியில கத்தி படக்கூடாது, மரத்துக்கு ஓய்வு விட்டு வெட்டணும், அளவு மீறினா பட்டை மரத்துப் போயி பால் நின்னுரும்பாரு. ஆழமா வெட்ட வெட்ட நல்லதுன்னு எந்த வெட்டுக்காரரும் சொல்லமாட்டாரு.)

யோசேப்பு, தன்னோட அப்பா செத்தபிறகு, இன்னொரு தடவை அண்ணன்மார்கிட்ட பேசுறாரு, ஆதியாகமம் 50:20, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்." தீமையை தீமைன்னு பேர் சொல்லிட்டுதான் தேவன் அதை நன்மையா முடியப்பண்ணினதைச் சொல்றாரு. நீங்களும் அதே வரிசையில போங்க. ஏஜென்ட் பணத்தை ஏமாத்திட்டானா, ஏமாத்திட்டான்னு சொல்லுங்க, ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸாப் மெசேஜ் எல்லாம் எடுத்துக்கிட்டு ஸ்டேஷன்ல புகார் கொடுங்க. புருஷன் அடிக்கிறான்னா "இதுவும் உன்னை உருவாக்கத்தான்"னு சொல்லி திருப்பி அனுப்புற ஆளுகிட்ட ஆலோசனையே கேக்காதீங்க, அம்மை வீட்டுக்குப் போங்க, பெண்கள் உதவி எண் 181க்கு போன் போடுங்க. மன்னிக்கிறது வேற, ரசீதைக் கிழிச்சுப் போடுறது வேற.

அழுகை வந்தா அழுங்க. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கடற்கரையில பெண்ணுங்க நாள் கணக்கா கடலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்களே, ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேரோட உடலு கூட கரைக்கு வரல. அவங்ககிட்ட போய் சகலமும் நன்மைக்குன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? செத்துப்போன லாசருவை எழுப்பத்தான் போறோம்னு தெரிஞ்சுகிட்டே இயேசு கண்ணீர் விட்டாரு.

எப்படி ஜெபிக்கிறதுன்னு தெரியலன்னா சங்கீதம் 13 எடுத்துக்கங்க, ஆறே வசனம். முதல்ல எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு கேள்வி, பிறகு என்னைப் பாரும்னு விண்ணப்பம், கடைசியில உம்முடைய கிருபையை நம்பியிருக்கேன்னு ஒரு வார்த்தை. அதே மாதிரி உங்க வார்த்தையில, உங்க பேச்சுத் தமிழ்லயே எழுதுங்க, "கர்த்தாவே, லோன்காரன் இன்னைக்கும் வந்தான், நீரு எங்க இருந்தீரு"ன்னு எழுதினாலும் அவருக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. அந்த கடைசி வார்த்தை வரலன்னா சங்கீதம் 88 இருக்கு, அது முடிவு வரைக்கும் இருட்டுதான், அதையும் வேதத்துக்குள்ள வச்சிருக்காரு. ஆனா ஒண்ணு, வாரக்கணக்கா தூக்கமில்ல, சோறு இறங்கல, செத்துட்டா தேவலைன்னு தோணுதுன்னா ஜெபத்தோட சேர்த்து மனநல டாக்டரையும் பாருங்க, வீட்டுல ஒரு ஆளுகிட்டயாவது அன்னைக்கே சொல்லிருங்க. இது விசுவாசக் குறைவு கிடையாது.

ஒரு நோட்டு போடுங்க, பழைய ஸ்கூல் நோட்டு போதும். இடது பக்கம் தேதி, நடந்தது, நீங்க கேட்டது. வலது பக்கத்தை சும்மா விடுங்க. மாசத்துக்கு ஒருக்கா புரட்டிப் பார்த்து, ஏதாவது தெளிஞ்சிருந்தா மட்டும் வலது பக்கம் எழுதுங்க, சில பக்கம் காலியாவே கிடக்கும், கிடக்கட்டும். ஜோடிச்சு நிரப்பாதீங்க.

முடிவெடுக்க வேண்டி வந்தா வேதத்தை கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தை விட்டுருங்க, அது சீட்டு எடுக்கிறதுதான். ஜெபம் பண்ணுங்க, உங்களுக்கு ஆமா போடாத ரெண்டு பெரியவங்ககிட்ட கேளுங்க, அதுல ஒருத்தர் சபைக்கு வெளிய உள்ள ஆளா இருந்தாலும் சரி, வட்டி எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னாரு, கையில பணம் என்ன இருக்குன்னு பேப்பர்ல எழுதிப் பாருங்க. போன்ல கூப்பிட்டு உங்களைப் பத்தி தரிசனம் கண்டேன்னு சொல்லி கூடவே கூகுள் பே நம்பரும் அனுப்புற ஆளை பிளாக் பண்ணிருங்க, யோசிக்கவே வேண்டாம்.

சபையில சாட்சி நேரத்தைப் பத்தியும் சொல்லணும். எழும்புறவங்க எல்லாம் சுகம் கிடைச்சவங்க, வேலை கிடைச்சவங்க, கிடைக்காதவன் பின்னாடி பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பான். "எனக்கு இன்னும் ஒண்ணும் நடக்கல, ஆனா விடாம ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபிச்சுக்கங்க"ன்னு ஒருத்தர் எழும்பிச் சொன்னா அதுவும் சாட்சிதான், சபை போதகருமாரு அதுக்கு இடம் கொடுத்தா நல்லது.

துக்க வீட்டுக்குப் போனா வசனத்தை வாயில வச்சுக்கிட்டு போகாதீங்க. கூட உக்காருங்க, பிள்ளைங்க சாப்பிட்டாச்சான்னு பாருங்க, அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் பஸ் ஏறினபிறகு இன்னொரு தடவை போங்க, அப்போதான் வீடு வெறிச்சோன்னு இருக்கும். இறப்புச் சான்றிதழ், பேங்க்ல நாமினி பேப்பர், பிள்ளையோட ஃபீஸ், கேஸ் புக்கிங்னு ஏகப்பட்டது பாக்கி கிடக்கும், அதுல ஒண்ணை "இதை நான் பாத்துக்கறேன் மைனி"ன்னு சொல்லி வாங்கிட்டு வந்து செஞ்சு முடிங்க. கர்த்தர் இதை எதுக்கு அனுமதிச்சாருன்னு அவங்களே கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம்.