என்ஜின் வேலை முடிந்த லாரி: செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே பார்ப்பது?

பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி என்ஜினை ஏற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக இழுக்கிறது, என்ஜின்தான் பிடிக்கவில்லை. உடனே புது டீசல் பம்பு, புது நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) வாங்க ஓடாதீர்கள். என்ஜினை இறக்கும்வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி என்றால், கோளாறு பெரும்பாலும் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இருக்கும்.

டாடா லாரிகளில் வரும் 6 சிலிண்டர் கம்மின்ஸ் 6பிடி 5.9 லிட்டர் என்ஜின், இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வரிசையில் டீசல் தள்ளும் பம்பு), 24 வோல்ட் செட். இதை வைத்துத்தான் சொல்கிறேன். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) வண்டிக்கு இது பொருந்தாது. அதில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலையைச் செய்யவே கூடாது.

1. முதலில் புகை

ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் முனையைப் பார்க்க வேண்டும். ஒரு முறைக்கு 30 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள்; அடுத்த முறைக்கு முன் 2 நிமிடம் ஆறவிடுங்கள்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை: 2, 3-ஐப் பாருங்கள். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கிற மாதிரி வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: 4-க்குப் போய்விடுங்கள். இந்த ஒரு பார்வை பாதி நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

2. ஸ்டாப் லீவர்

பம்பின் ஸ்டாப் லீவர் முழுவதும் ஓடும் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால் லீவர் பாதியிலேயே நிற்கும். லீவரை மின்சாரத்தால் இழுக்கும் சோலினாய்டு உள்ள வண்டியில், சாவி போட்டதும் 24 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

3. ஏர் எடுப்பது

ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சிறு பம்பு) கை பிரைமரை நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடியுங்கள். ஸ்குரூவை மூடிவிட்டு, பம்பின் கேலரியிலும் (பம்புக்குள் டீசல் நிற்கும் அறை) அதே மாதிரி எடுங்கள். பிறகு நாசில் முனையில் 1, 3, 5 பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். டீசல் துப்பத் தொடங்கியதும் இறுக்கிவிட்டு அடுத்த மூன்றையும் எடுங்கள். விரலை அருகில் கொண்டு போகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எத்தனை முறை எடுத்தாலும் ஏர் தீரவில்லையா? டேங்குப் பக்கம் எங்கேயோ ஏர் இழுக்கிறது. பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப் வழியாக நேராக ஃபீட் பம்பில் கொடுங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் பம்பு நல்ல பம்பு; டேங்க் லைனைத் தேடுங்கள். விலை உயர்ந்த எந்த டெஸ்டரையும்விட இந்தக் கேனும் டியூபும்தான் எனக்குப் பிடித்தவை.

4. வெள்ளைப் புகை: டைமிங்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

1-ஆம் சிலிண்டர் பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை. ஒன்று அழுத்தும்போது, இன்னொன்று புகையைத் தள்ளிய பிறகு. கிராங்க் புல்லி, ஃபிளைவீல் மார்க்குகள் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த மார்க்கை மட்டும் நம்பிப் பம்பை மாட்டினால், கிராங்க் கணக்கில் ஒரு முழுச் சுற்று, பம்பு கணக்கில் அரைச் சுற்று தப்பிப்போகலாம். அப்போது டீசல் சரியான அளவில், தப்பான நேரத்தில் விழும். எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும்.

கண்டுபிடிக்கும் வழி இது. டேப்பட் கவரைக் கழற்றுங்கள். என்ஜினை முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் கையால் சுற்றுங்கள். 1-ம் 6-ம் சேர்ந்தே மேலே வரும். 6-ஆம் சிலிண்டரின் ராக்கர்களை (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) பாருங்கள்: எக்ஸாஸ்ட் ராக்கர் எழும்பி முடிக்கிற அதே நொடியில் இன்லெட் ராக்கர் அமுங்கத் தொடங்கும், தராசுத் தட்டு ஆடுவதுபோல. அந்த இடத்தில் 1-ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் லூசாக ஆட வேண்டும். அதுதான் 1-இன் ஃபயரிங் டிடிசி, அதாவது அழுத்தும்போது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். கியர் ஹவுசிங்கில் உள்ள டைமிங் பின்னும் அப்போதுதான் கேம் கியர் துளையில் இறங்கும். 6-இன் ராக்கர் ஆடும் இடமும் டிடிசியும் நன்றாக விலகியிருந்தால் கேம் கியர் பல் மாறிக் கோத்திருக்கிறது. முன் கவரைத் திறந்தே ஆக வேண்டும்.

இனி பம்பு. 1-ஆம் பைப்பைப் பம்பு முனையில் கழற்றி, பிரைமரை அடித்து, பைப் கழன்ற ஹோல்டரின் வாய்வரை டீசல் நிற்கவிடுங்கள். டைமிங் பின்னை வெளியே இழுத்துவிட்டு, ஃபயரிங் டிடிசியிலிருந்து கால் சுற்று பின்னோக்கிப் போய், மெதுவாக முன்னே சுற்றுங்கள். டிடிசிக்குச் சற்று முன்பே டீசல் குமிழ்போல உப்பி எழ வேண்டும். எழாமல், ஒரு முழுச் சுற்று கழித்து எழுந்தால் பம்பு அரைச் சுற்று மாறியிருக்கிறது. பம்பை இறக்கி, கியரை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள். பி (P) டைப் பம்பில் கியர் உட்காரும் டேப்பரில் (கூம்பான தண்டு முனை) கியரைப் பூட்டும் கீ கிடையாது. அந்த டேப்பரில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கியர் நழுவும். பம்பின் உள்ளே இருக்கும் டைமிங் பின்னைத் திருப்பிப் போடாமல் செல்ஃப் அடித்தால் அது உடையும்.

5. டைமிங் சரி, இன்னும் வெள்ளைப் புகையா?

டேப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி): குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. டைட்டாக இருந்தால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் வராது. 1-ஆம் ஃபயரிங் டிடிசியில் கேப் வைக்க வேண்டியவை: 1, 2, 4 இன்லெட். 1, 3, 5 எக்ஸாஸ்ட். கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றி மீதி ஆறு.

செல்ஃப் வேகம்: புது ரிங்குக்கு என்ஜின் கனமாகத்தான் சுற்றும். 150 ஆர்பிஎம்முக்குக் கீழே போனால் டீசல் பற்றும் சூடு வராது. அடிக்கும்போது பேட்டரியில் 19 வோல்ட்டாவது நிற்கணும். என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டைக்கு அடியில் பெயின்ட் இருக்கிறது, சுரண்டி மாட்டுங்கள்.

இன்லெட் மேனிஃபோல்டில் அடைத்த துணியை எடுத்தீர்களா? எக்ஸாஸ்ட் பிரேக் பிளேட் திறந்திருக்கிறதா? நாசில் குழியில் பழைய வாஷர் ஒட்டியிருக்க, மேலே புதுசும் போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும்.

ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஏர் ஹீட்டர் உள்ள என்ஜினில் அது வெடிக்கும். புது ரிங்குக்கும் கேடு. டைமிங் தெரியாமல் கயிறு கட்டி இழுப்பதும் வேண்டாம்.

பின்னால் சேர்த்தது

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நின்றுபோகிறது என்றால் மறுபடி 3-ஆம் படிதான், டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் சக்‌ஷன் பக்கம்.

வெள்ளைப் புகையோடு நெடுநேரம் செல்ஃப் அடித்திருந்தால் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் எரியாத டீசல் ரிங் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் புது பேரிங் போய்விடும். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி 50 மி.லி. சுத்தமான ஆயில் ஊற்றிவிட்டு மாட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஓர் ஆள் ஸ்டாப் லீவர்மேல் கை வைத்து நிற்கட்டும், ஏர் குழாய் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு பலகையும் பக்கத்தில் இருக்கட்டும்: பம்பு ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) சிக்கினால் என்ஜின் தறிகெட்டு ஏறும், அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.