பிரேக் நேரத்தை எண்ணும் மேலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீமில் ஒருவர் அடிக்கடி எழுந்து போனால் மேலாளரின் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எத்தனை நிமிடம் போனார் என்பதை விட, அவர் இல்லாதபோது எந்த வேலை நின்றது என்பதுதான் முக்கியம். எதுவும் நிற்கவில்லையென்றால் கூப்பிட்டுப் பேசவே அவசியமில்லை.

புதிதாக டீம் லீட் ஆனபோது நானும் இதைத்தான் செய்தேன். ஒரு பெண் ஊழியர் தினமும் இரண்டு மூன்று தடவை இருபது நிமிடம் காணாமல் போவார். ஒரு வாரம் நோட்டில் நேரம் குறித்து, அந்தத் தாளோடு அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "குழந்தைக்கு ஆறு மாசம்தான் ஆகுது. பால் எடுத்து வைக்க நம்ம மாடியில இடம் இல்ல, ரெண்டு மாடி கீழ ஸ்டோர் ரூமுக்குப் போறேன்" என்றார். அந்த இருபது நிமிடத்தில் பாதி, படிக்கட்டிலும் சாவிக்காகக் காத்திருப்பதிலும் போயிருந்தது. எங்கள் மாடியிலேயே தாழ்ப்பாள் உள்ள சிறிய மீட்டிங் ரூமை அவருக்கு ஒதுக்கினோம், விஷயம் முடிந்தது. முதல் நாளே "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டிருக்க வேண்டும். அந்தத் தாளை அவர் பார்த்த பார்வை இன்றும் மனதை உறுத்துகிறது.

இதைவிட மோசமானது, "சிலர் இடைவேளையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று எல்லோருக்கும் மெயில் தட்டுவது. யாரை நினைத்து எழுதினீர்களோ அவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார். ஒழுங்காக இருப்பவர்கள்தான் மறுநாளிலிருந்து சிஸ்டம் முன்னாலேயே சாப்பிடுவார்கள். சொல்ல வேண்டியவரிடம் தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து மூணு மணிக்கு நீங்க சீட்ல இல்லாதப்போ மூணு போன் கால் வெயிட்டிங்ல நின்னுச்சு. ரெண்டை பக்கத்து சீட்டுக்காரர் எடுத்தார், ஒண்ணு கட் ஆயிடுச்சு." அவருடைய குணத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் அவரும் முறுக்கிக்கொள்ளாமல் கேட்பார்.

பிரேக் எடுக்காதவரே நல்ல உழைப்பாளி என்று நம்புவதும் தவறுதான். ரேடார் திரையைக் கண்காணிப்பவர்களை மனதில் வைத்து இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1940-களில் ஒரு சோதனை நடத்தினார். சுற்றிவரும் கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவலாகத் தாவும், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேர வேலையில், முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறவிடுவது கூடிவிட்டது. சரிபார்ப்பு, கண்காணிப்பு மாதிரியான வேலைகளில் இடைவிடாமல் உட்கார்ந்திருப்பவரின் கண் திரையில் இருக்கும், கவனம் இருக்காது.

சட்டம் தெரியாமல் விதி போடாதீர்கள். ஜப்பானில் ஆறு மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்குக் குறைந்தது 45 நிமிடமும், எட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரமும் இடைவேளை தர வேண்டும். பிரிட்டனில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் பொதுவாக 20 நிமிடம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி 5 முதல் 20 நிமிடம் வரையான குறுகிய பிரேக், சம்பளத்துக்குரிய வேலை நேரத்திலேயே சேரும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை போன் எடுக்க வைத்துவிட்டு, அதைப் பிரேக் என்று கணக்கு எழுதுவது அநியாயம்.

சிகரெட் பிரேக் விவகாரத்தில் மட்டும் பலரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். புகைப்பவர் நாலு முறை போய்வருவார், பக்கத்து சீட்டுக்காரர் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். அந்தப் புகைச்சல் வெளியே தெரியாது. டோக்கியோவின் பியாலா நிறுவனத்தில் ஓர் ஊழியர் இதைப் புகாராக எழுதிப் போட, 2017-ல் புகைக்காதவர்களுக்கு வருடத்துக்கு ஆறு நாள் கூடுதல் விடுப்பு கொடுத்தார்கள். எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும் என்பதில்லை. புகைத்தாலும் சும்மா நடந்துவிட்டு வந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவு பிரேக் என்று வைத்தாலே பாதி மனக்கசப்பு தீரும்.

ஊழியர்களுக்கும் ஒன்று. சொல்லாமல் எழுந்து போகாதீர்கள். "பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன், இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். மேலாளரும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போகட்டும். அவர் நாள் முழுக்க சீட்டை விட்டு அசையாமல் இருந்தால், பிரேக் உண்டு என்று எத்தனை முறை சொன்னாலும் டீமில் யாரும் துணிந்து எழுந்திருக்க மாட்டார்கள்.