மக்கிப்போன டெக்கும் வெட்டத் தயங்கும் கையும்

பழைய ஃபைபர் படகின் டெக்கில் (மேல்தளத்தில்) நடக்கும்போது ஓரிடத்தில் கால் லேசாக அமுங்கினால், பலர் முதலில் சந்தேகப்படுவது மேலே தெரியும் ஃபைபரை. அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது உள்ளே இருக்கும் மரம். இந்த மாதிரி டெக்குகளில் மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். அந்த மரம் இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடித்து, அவற்றோடு ஒட்டியும் இருப்பதால்தான் மெல்லிய டெக் விறைப்பாக நிற்கிறது. மரம் மக்கினால் தோல்கள் தனித்தனியாக வளைய ஆரம்பிக்கும். அதனால் மேலே இன்னும் இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) ஒட்டினால் எடைதான் கூடும். கீழே அழுகல் தன்பாட்டுக்குப் பரவிக்கொண்டே போகும்.

அதைவிட ஆசை காட்டும் குறுக்கு வழி ஒன்று உண்டு. டெக் முழுக்கச் சிறு ஓட்டைகள் போட்டு, ஊசியால் நீர்த்த எபாக்ஸியை (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் ஒரு ரெசின்) உள்ளே ஏற்றுவது. வெட்ட வேண்டாம், வழுக்காத மேற்பரப்பு கெடாது, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் நீர் ஊறிய மரத்துக்குள் ரெசின் போகாது, அங்கே ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே! ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகி நிற்கும், நடுவில் சேறு அப்படியே இருக்கும். சில மாதம் கால் அமுங்காமல் இருப்பதால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அப்புறம் அதே இடத்தை வெட்டும்போது, ரெசின் கட்டிகளையும் சேர்த்துச் செதுக்க வேண்டிவரும். தோல் விலகி, மரம் உலர்ந்தும் உறுதியாகவும் இருக்கும் சிறிய இடங்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தும். ஹீட்டர் வைத்து வாரக்கணக்கில் உலர்த்துவதும் இப்படித்தான். ஈரம் குறையலாம், மக்கிய மரத்துக்குப் பலம் திரும்பாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வெட்டத் தொடங்குவது அடுத்த தவறு. கயிறு கட்டும் கிளீட், கைப்பிடிக் கம்பியின் அடித்தகடு, ஹேட்ச் என்னும் திறப்பு மூடியின் சட்டம், பாய்மரப் படகென்றால் கம்பிக்கயிறுகளைப் பிடிக்கும் தகடுகள் என டெக்கைத் துளைத்து போல்ட் இறங்கும் ஒவ்வோர் இடமும் சந்தேகத்துக்குரியதுதான். கால் அமுங்கும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிளைவுட்டில் நீர் இழை வழியே தூரமாக ஓடும். பால்சா துண்டுகளை இழை செங்குத்தாக நிற்கும்படி அடுக்கியிருப்பதால் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும், ஆனாலும் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் அதற்கு வாய்க்காலாகிவிடும்.

எல்லையைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோட்டோடு நின்றுவிடுவதுதான் மீண்டும் வேலை வைக்கும் தவறு. ஒட்டு விடாமல் ஈரமாக மட்டும் இருக்கும் மரமும் நன்றாகவே ஒலிக்கும். கீழ்ப்பக்கமாகச் சிறு ஓட்டை போட்டுத் துளைத்தூளைப் பாருங்கள்: வெளிறி உலர்ந்திருந்தால் எல்லை வந்துவிட்டது, கறுத்துப் பிசுபிசுத்தால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். கீழ்த்தோலும் வெளியே தெரிகிற பகுதியாக இருந்தால், எப்படியும் வெட்டப்போகிற மேற்புறத்திலேயே துளைக்கலாம்.

வெட்டும் கோடு எங்கே போகிறது என்பதும் முக்கியம். வழுக்காத பரப்புகளுக்கு நடுவே வழவழப்பான பட்டைகள் இருக்குமே, முடிந்தவரை அவற்றின் வழியாகப் போனால் இணைப்பை மறைப்பது சுலபம். வட்ட ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு மட்டும் வைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கீழ்த்தோலும் அறுபடும், சில சமயம் அதற்கடியில் ஓடும் ஒயரும் சேர்ந்து போகும். பெரிய பரப்பைத் திறந்தால் கீழே முட்டுக் கொடுங்கள். டெக்குக்கு இயல்பாக ஒரு வளைவு உண்டு. தொய்ந்த நிலையில் புது மரத்தை ஒட்டினால் தொய்வு நிரந்தரமாகிவிடும். கழற்றிய மேல்தோலைத் தூக்கிப்போட வேண்டாம், அதையே திரும்ப ஒட்டலாம்.

புது மரத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் எடை விஷயத்தில். பால்சா இருந்த இடமெல்லாம் பிளைவுட் போட்டால் டெக்கின் எடை கணிசமாகக் கூடும், அதுவும் படகின் உயரமான பகுதியில். அது வளைவுக்கும் எளிதில் வளைந்து கொடுக்காது. பால்சா இருந்த இடத்தில் பால்சாவோ, அதற்கான அடர்த்தியான ஃபோமோ போடுங்கள். போல்ட் அழுத்தும் இடங்களில் மட்டும் பிளைவுட் அல்லது ஜி-10 என்னும் கண்ணாடி இழை, எபாக்ஸித் தகடு வைக்கலாம்.

மரத்தை வெறும் ரெசினில் உட்கார வைத்தால் அடியில் காற்றுப் பைகள் நிற்கும். முதலில் மரத்திலும் கீழ்த்தோலிலும் நீர்த்த எபாக்ஸியைப் பூசி ஊற விட வேண்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல் வைத்த கரண்டியால் பரப்பி, அதன்மேல் மரத்தை வைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, பாரம் ஏற்ற வேண்டும். வெயில் ஏறும் நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளிவரும். சூடு இறங்கும் நேரமே நல்லது.

எபாக்ஸியா, ஃபைபர் படகுகளில் வழக்கமான பாலிஎஸ்டர் ரெசினா என்றால், பழைய ஃபைபர் மீது ஒட்டுவதற்கு நான் எபாக்ஸியைத்தான் சொல்வேன், பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் பாலிஎஸ்டரில் பழகிய கை இங்கே தடுமாறும். பாலிஎஸ்டருக்குச் சூட்டைப் பார்த்து, அதை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. திரவத்தை ஒரு வரம்புக்குள் கூட்டிக் குறைப்பதுண்டு. எபாக்ஸி ஹார்ட்னரில் அந்த விளையாட்டே கூடாது. விகிதம் தப்பினால் இறுகாது, எடை விகிதமும் அளவு விகிதமும் ஒன்றல்ல. நிறையக் கலந்து வாளியிலேயே வைத்தால் சூடேறிப் புகையும், அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். சாதாரண மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலிஎஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும்படி செய்யப்பட்டது, எபாக்ஸியில் அது சரியாகக் கரையாது. எபாக்ஸியோடு நெய்த துணியோ, மேட் சேராத தைத்த துணியோதான் சரி.

மேல்தோலைத் திரும்ப ஒட்டியபின், வெட்டுக்கோட்டை வெறும் புட்டியால் நிரப்பிப் பெயின்ட் அடித்தால் அங்கேதான் முதல் விரிசல் விழும். விளிம்பு இரண்டையும் சரிவாகத் தேய்த்து, புது அடுக்குகளைப் பரவலாக ஒட்ட வேண்டும். சரிவுக்கு 12:1 நல்ல அளவு. 3 மி.மீ. தோலுக்கு ஒரு பக்கம் 36 மி.மீ. வரும். தேய்ப்பதற்கு முன்பே கரைப்பானால் துடைத்து மெழுகை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெழுகு பரப்பில் இன்னும் அழுந்தும். இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம் வந்தால் அதற்குக் கரைப்பான் வேண்டாம், தண்ணீரால் கழுவினாலே போகும். ஃபைபர் தூசுக்கு முகக்கவசம், ரெசினுக்குக் கையுறை, இரண்டிலும் சமரசம் கூடாது. கையில் பட்ட எபாக்ஸியை அசிட்டோனால் துடைக்காதீர்கள்.

கடைசியாக, கழற்றிய கிளீட்டையும் கம்பியையும் பழைய மாதிரியே முறுக்கிவிட்டால் அத்தனை வேலையும் வீண். ஒவ்வொரு ஓட்டையையும் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் சரியான அளவில் நடுவே மறுபடி துளைக்க வேண்டும். அப்போது போல்ட் பக்கம் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. சிலிகான் பசை வேண்டாம், அது விட்டுப்போகும் படலத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. பியூட்டைல் டேப் (இறுகிப்போகாத, ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, ஒரே மூச்சில் இறுக்காமல், சில நாள் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கீழ்க்கூரைப் பலகையைத் திரும்ப மாட்டும் முன் டெக் மீது குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, உள்ளே டார்ச்சோடு ஒருவர் படுத்துப் பார்த்துவிடட்டும்.