விழுந்தால் கூப்பிட ஒரு பட்டன்: வயதான அப்பா அம்மாவுக்கு எதை வாங்குவது?

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வீட்டுக்கே போய் நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, கொசப்பேட்டை என்று எங்கே போனாலும் பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். இங்கே ஆயா, அதாவது பாட்டி, தனியாக இருப்பார். விழுந்த பிறகு யாரும் வராமல் தரையிலேயே கிடப்பது பெரிய ஆபத்து. நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசிந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். அதனால்தான் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: பட்டனை அழுத்தினால் பத்து நிமிடத்தில் வரப்போவது யார்?

கருவியில் முதல் எண்ணாக பெங்களூர் மகனின் எண்ணைப் போடாதீர்கள். எதிர்வீட்டு அக்காவோ, தெருமுனைக் கடைக்காரரோ, சம்மதம் சொன்ன ஒருவர் முதலில் இருக்கட்டும். மகன் மூன்றாவதாக இருந்தால் போதும். அவர்கள் எல்லாருடைய போனிலும் அந்தக் கருவியின் எண்ணை 'ஆயா அவசரம்' என்று பதிந்து வையுங்கள். புது நம்பர் என்றால் இப்போது யாரும் எடுப்பதில்லை.

அடுத்தது கதவு. ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுப்பதுதான் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். மணி அடித்து, அக்கா ஓடி வந்து, வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கக்கூடிய பூட்டை மாட்டி, ஒரு சாவியை அந்த அக்காவிடம் கொடுங்கள். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றியே விடலாம்.

இனி கருவி. தெருவிலேயே ஆள் இருந்தால், ஒயர்லெஸ் காலிங் பெல் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தண்ணீர் புகாத பட்டனாகப் பார்த்து வாங்கி, மணியை எதிர்வீட்டில் மாட்டுங்கள். நூறு மீட்டர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது திறந்தவெளிக் கணக்கு. நடுவில் சுவர் வந்தால் குறையும். மாட்டும் முன்பே பாத்ரூமிலிருந்து அழுத்திப் பாருங்கள். மணி மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில் சொருகுங்கள். கரண்ட் போன இருட்டில்தான் கால் இடறும்.

பக்கத்தில் ஆள் இல்லை என்றால், சிம் போடும் டாலர் வகை. கழுத்தில் தொங்கும், அழுத்தினால் வரிசையாகப் போன் போகும், அதிலேயே பேசலாம். வாங்கும்போது 4ஜி கருவிதானா என்று கேளுங்கள். 2ஜி மட்டும் பிடிக்கும் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சிம்மின் ரீசார்ஜ் தேதி யார் பொறுப்பு என்பதையும் அன்றைக்கே பேசி முடியுங்கள். தண்ணீர் விஷயத்தில் ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். குளிக்கும்போது கழற்ற வேண்டியதில்லை. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போகிற டாலரால் பிரயோஜனம் இல்லை. கயிறு, இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால், காந்தம் உள்ள கொக்கி வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் அங்கிருந்தே ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் பெரும்பாலானவை அந்த நாட்டு நெட்வொர்க்குக்கும், மாதக் கட்டணம் வாங்கும் அந்த நாட்டு கால் சென்டருக்கும் கட்டுப்பட்டவை.

விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் வாட்சுகள் நல்லவைதான், ஆனால் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவதை அவை பல நேரம் விழுந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. பல வாட்சுகளை அடிக்கடி சார்ஜ் போடவும் வேண்டும். ஸ்மார்ட்போன் பழகிய அப்பாவுக்குச் சரி, எல்லாருக்கும் ஒத்துவராது.

எதை வாங்கினாலும் பாத்ரூமில் ஒரு பட்டனைத் தனியாக, தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒட்டுங்கள். விழுந்தவரின் கை அந்த உயரத்துக்குத்தான் எட்டும்.

"இன்னாத்துக்குப்பா இதெல்லாம், நான் நல்லாத்தானே கீறேன்" என்பார்கள். வற்புறுத்தாதீர்கள். "நீ நல்லாத்தான் இருக்க ஆயா, எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல" என்று பேரன் சொன்னால் மாட்டிக்கொள்வார். நான் பார்த்த வீடுகளில் இது பலித்திருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை ஒருமுறை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். மணி கேட்டதா, அக்கா வந்தாரா, சாவி திறந்ததா, மூன்றையும் பாருங்கள்.

வருகிறவருக்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள்: வீட்டு முகவரி, பக்கத்து அடையாளம், சாப்பிடும் மாத்திரைகள், 108. இடுப்பு வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இந்த இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.