கோல்டன் வீக்கில் சீன ரயில்: முதல்முறை டிக்கெட் எடுப்பவர்களுக்கு

அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டி வரும் நீண்ட விடுமுறைதான் கோல்டன் வீக். அந்த நாட்களில் நாட்டில் பாதிப்பேர் ஊருக்குப் போகிறார்கள், மீதிப்பேர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதே வாரத்தில் ஒரு பெரிய விளையாட்டுப் போட்டியும் சேர்ந்துகொண்டால்?

2023இல் ஹாங்சோவில் அப்படித்தான் ஆனது. 2022 செப்டம்பரில் நடக்க வேண்டிய ஆசிய விளையாட்டுப் போட்டி கொரோனாவால் தள்ளிப்போய், 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை நடந்தது. இலையுதிர்கால நிலாத் திருவிழா அந்த ஆண்டு செப்டம்பர் 29இல் விழுந்ததால் விடுமுறையும் எட்டு நாளாக நீண்டது. தடகளப் போட்டிகள் தொடங்கியதும் அதே 29தான். நம் கோவை வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடையோட்டத்தில் வெண்கலம் வென்ற அக்டோபர் 3ஆம் தேதி சீனாவே விடுமுறையில் இருந்தது. அந்த வாரத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்: ஷாங்காயில் இறங்கி ஹாங்சோவுக்கு ரயிலில் போக வேண்டும்.

படி 1: காலண்டரைப் பாருங்கள்

டிக்கெட்டைத் தேடுவதற்கு முன்னால் அரசின் விடுமுறை அறிவிப்பைப் பாருங்கள். சீனாவில் 'தியாவ்ஷியூ' என்று ஒரு வழக்கம் உண்டு. நீண்ட விடுமுறை தருவதற்காக, பக்கத்தில் உள்ள சனி ஞாயிறை வேலைநாளாக்கிவிடுவார்கள். 2023இல் விடுமுறை செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரை; 7, 8 சனி ஞாயிறாக இருந்தும் அலுவலகம் உண்டு. இதை அங்கே திட்டாத ஊழியர் குறைவு.

நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். கூட்டம் இரண்டு முனைகளில் குவியும்: விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையும் முதல் நாளும் ஒரு முனை, கடைசி இரண்டு நாட்கள் மறுமுனை. நடுவில் சற்று மூச்சு விடலாம். என்னைக் கேட்டால், முடிந்தவரை நடுநாட்களில் ரயில் ஏறுங்கள்.

சாலையில் போய்விடலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்த விடுமுறையில் சிறிய கார்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் கிடையாது. அதனால் எல்லோரும் காரை எடுத்துவிடுவார்கள்.

படி 2: கணக்கைத் தொடங்கிச் சரிபார்த்து வையுங்கள்

ரயில்வேயின் சொந்தத் தளம், செயலி இரண்டுக்கும் பெயர் 12306. ஆங்கிலப் பக்கமும் உண்டு. டிக்கெட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணின் பேரில்தான் கிடைக்கும். பாஸ்போர்ட் விவரத்தைக் கொடுத்துச் சரிபார்த்து முடிக்கச் சில நாள் ஆகலாம், ஆகவே விற்பனை நாளன்று உட்கார்ந்து தொடங்காதீர்கள். தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்கவோ, இனிஷியலை விரித்து எழுதவோ வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

படி 3: பின்னோக்கி எண்ணுங்கள்

விற்பனை 15 நாள் முன்னதாகத் திறக்கும், பயண நாளையும் சேர்த்து. அதாவது பயணத் தேதியிலிருந்து 14ஐக் கழியுங்கள். செப்டம்பர் 29 ரயிலுக்குச் செப்டம்பர் 15, அக்டோபர் 1 ரயிலுக்குச் செப்டம்பர் 17. விற்பனை தொடங்கும் நேரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு, அதைத் தளத்திலேயே பார்க்கலாம். பெய்ஜிங் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 என்றால் இங்கே 5.30. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: டிக்கெட் இல்லை என்று காட்டினால்

முதலில் நிலையத்தை மாற்றித் தேடுங்கள். ஹாங்சோவில் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் கிழக்கு நிலையத்துக்குத்தான் வரும். ஆனால் நகருக்குள் உள்ள ஹாங்சோ நிலையம், தெற்கு நிலையம், 2022இல் திறந்த மேற்கு நிலையம் ஆகியவையும் இருக்கின்றன. ஷாங்காயிலும் ஹோங்சியாவோ நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், தெற்கு நிலையத்தையும் பாருங்கள்.

அப்புறம் 'ஹோவ்பூ', அதாவது காத்திருப்புப் பட்டியல். பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். யாராவது ரத்து செய்தால் டிக்கெட் தானாக உங்கள் பேருக்கு வரும், வராவிட்டால் பணம் முழுவதும் திரும்பும். இங்கே சலிப்படையாதீர்கள். பயணத்துக்கு எட்டு நாள் முன்பு வரை ரத்து செய்தால் பிடித்தம் கிடையாது. அதன் பிறகு 5 விழுக்காடு, கடைசி 48 மணி நேரத்தில் 10, கடைசி 24 மணி நேரத்தில் 20. ஒவ்வொரு வரம்பும் முடிவதற்குச் சற்று முன்னால் சிலர் டிக்கெட்டைக் கைவிடுவார்கள், அந்த நேரங்களில் பாருங்கள்.

இன்னொரு உள்ளூர் உத்தி: ஹாங்சோவைத் தாண்டிய ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஹாங்சோவிலேயே இறங்கிவிடுவது. கூடுதல் காசு போகும், ஆனால் குற்றமில்லை. தலைகீழாக, குறைந்த தூரத்துக்கு எடுத்துவிட்டு மேலே போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நெரிசல் நாளில் நடுவழியில் இறக்கிவிடுவார்கள்.

கடைசியாக 'வூட்சோ', இருக்கை இல்லாத டிக்கெட். அதிவேக ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு என்ன விலையோ அதே விலைதான். அநியாயம்தான். ஆனால் ஹாங்சோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், நின்றே போய்விடலாம்.

இருக்கை கிடைத்துவிட்டால் எழுத்தைக் கவனியுங்கள். இரண்டாம் வகுப்பில் ஏ, பி, சி ஒரு பக்கம், டி, எஃப் மறுபக்கம். ஈ கிடையாது. ஜன்னல் வேண்டுமென்றால் ஏ அல்லது எஃப்.

படி 5: அன்றைய நாள்

காகித டிக்கெட் தேவையில்லை, பாஸ்போர்ட்டே டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுத் தானியங்கிக் கதவில் போவார்கள். அது உங்களைத் தடுத்தால், ஊழியர் நிற்கும் ஓரத்து வழிக்குப் போங்கள். பை சோதனை உண்டு, புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே வாயில் மூடிவிடும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

ஷாங்காயில் மாலையைக் கழித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை இரவுகளில் 'பண்ட்' என்ற ஆற்றங்கரைப் பகுதியில் குவியும் கூட்டத்தைச் சமாளிக்க, கிழக்கு நாஞ்சிங் சாலை மெட்ரோ நிலையத்தில் ரயில்களை நிறுத்தாமலே ஓட்டிவிடுவார்கள். சாலைச் சந்திப்பில் காவலர்கள் கைகோத்து மனிதச் சுவராக நின்று, சிக்னல் மாறும்போது திறந்து மூடுவார்கள். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த நிலையம் வரை நடக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் சேர்த்தே ரயிலுக்குக் கிளம்புங்கள்.