சுகர் ஃப்ரீ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் பேக்கரிக்குப் போனால் சுகர் ஃப்ரீ பிஸ்கட், சுகர் ஃப்ரீ கேக் என்று தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுகர் உள்ளவர்கள் அதை மருந்து மாதிரி நம்பி வாங்குகிறார்கள். பெரிய தவறு அதுதான். அதில் சர்க்கரை இல்லையே தவிர, மைதா இருக்கிறது. மைதா வயிற்றுக்குள் போனால் குளுக்கோஸாகத்தான் மாறும். பாக்கெட்டைத் திருப்பி கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். 965 என்ற எண் தென்பட்டால் அது மால்டிடால் என்ற, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி. அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

நம்மூர் மாம்பழ ஜூஸும் அப்படித்தான். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருந்தாலும், 100 கிராம் பழுத்த மாம்பழத்தில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை தானாகவே இருக்கிறது.

சிலர் இதற்கு நேர்மாறாக, ஒரு சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட டீயைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறார்கள். 2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை '2பி' பிரிவில் வைத்தது உண்மைதான். புற்றுநோயோடு தொடர்பு இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது என்பது அந்தப் பிரிவின் பொருள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு அப்போதும் மாற்றவில்லை. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். டீயில் போடும் சின்ன மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் 20 மில்லிகிராம் அளவுதான். பிறவியிலேயே பினைல்கீட்டோனூரியா (அஸ்பார்டேமில் உள்ள பினைலலனைன் என்ற பொருளை உடம்பால் சிதைக்க முடியாத நோய்) உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

உடம்பு இளைக்கும் என்று இந்த இனிப்பூட்டிகளை எடுப்பதிலும் பயனில்லை. எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பே 2023 மே மாதம் சொல்லிவிட்டது.

உயிருக்கே ஆபத்தான தவறு வேறொன்று. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்போது பதற்றத்தில் சுகர் ஃப்ரீ மாத்திரை போட்ட டீயையோ டயட் கோலாவையோ கொடுத்தால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அதில் குளுக்கோஸே கிடையாது. நிஜச் சர்க்கரை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-க்கு அழையுங்கள்.